ராகுகாலத்தில் ஃபேக்ஸ் போகாது

பிரவீனா படித்தது சப்ளை செயின். கப்பல், கண்டெய்னர், சுங்கம், கிடங்கு என்று நாலு வருஷம் உருப்போட்டு, குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டமளிப்பு அங்கி மாட்டிப் படம் எடுத்துக்கொண்டவள். இப்போது ஜொகூரில், மாசாய் அடுக்குமாடியிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் தெப்ராவுக்கு வேலைக்கு வருகிறாள். வந்து என்ன செய்கிறாள்? பிரிண்டரை மேய்க்கிறாள்.

தம்பிராஜா ஃபார்வர்டிங் என்பது அடுத்தவர் சரக்கைக் கப்பலில் ஏற்றவும் இறக்கவும் காகிதம் போடும் ஆபீஸ். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் ஜன்னலோரம் ஒரு மேசை காலியாக இருந்ததைப் பார்த்தாள். ஆப்பரேஷன்ஸ் மேசை. எந்தக் கப்பல் எப்போது வருகிறது, எந்த லாரி எங்கே நிற்கிறது என்று பார்க்கிற வேலை. தன்னை அதற்குத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று நம்பிப் பையை அதன்மேல் வைத்தாள்.

"அது இல்லம்மா, இங்க," என்று மூத்த கிளார்க் புஷ்பவள்ளி காட்டிய நாற்காலி ஆல்-இன்-ஒன் பிரிண்டருக்கு இடது பக்கம் கிடந்தது. அந்த மெஷின் பிரிண்ட் எடுக்கும், நகல் எடுக்கும், ஸ்கேன் செய்யும், ஃபேக்ஸ் அனுப்பும், வாங்கும். ஒரு குட்டி ஐஸ் பெட்டி அளவு. அதன் சூடு மொத்தமும் இடது பக்கமாகத்தான் வெளியே வரும்.

ஆறு மாதம் ஓடிவிட்டது. காகிதம் சிக்கினால் பிரவீனா. டோனர் தீர்ந்தால் பிரவீனா. எல்லா நகலிலும் மேல் மூலையில் ஒரு கறுப்புப் பொட்டு விழுகிறதே, என்ன வியாதி என்று பார்க்கவும் பிரவீனா. ஆயுத பூசைக்குப் புஷ்பவள்ளி மெஷினுக்கு வைத்த குங்குமம் கண்ணாடியில் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, "குங்குமத்த அழிச்சிட்டியா?" என்று புஷ்பவள்ளி நெஞ்சில் கை வைத்தார்.

எது கெட்டாலும் ஆபீஸ் முழுக்க ஒரே பாட்டு: "படிச்ச பிள்ளதானே, என்னன்னு பாரு லா." படிக்காமல் இருந்திருந்தால் சும்மா விட்டிருப்பார்கள் போலிருக்கிறது.

ஒரே லாபம், அந்த மெஷினின் கையேட்டை முழுக்கப் படித்தவள் தெற்கு ஜொகூரிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். இருநூற்றுப் பதினான்கு பக்கம். பிரவீனாவுக்குக் கோபம் வந்தால் வாய் நீளும். வாய் நீளக் கூடாத இடத்தில் கையேட்டைத் திறந்துகொள்வாள். ஆறு மாதத்தில் இரண்டு தடவை முடித்துவிட்டாள்.

அந்த வாரம் புதன்கிழமை முதலாளி கிருபானந்தன் அவளை அறைக்குக் கூப்பிட்டார். சிலோன் தமிழர். அப்பா தம்பிராஜா ஆரம்பித்த ஆபீஸை அப்பா வைத்த நாற்காலியிலேயே உட்கார்ந்து நடத்துகிறவர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"பிள்ள, ஓசாக்கா கொம்பனியின்ர கடிதம் வெள்ளிக்கிழமை ஃபேக்ஸில வருது. வந்தால் அவையின்ர சாமான் முழுக்க இனி எங்கட கையில. நீர் ஜன்னல் மேசைக்குப் போகலாம். வேலையும் நிரந்தரம்."

"வராட்டி, பாஸ்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வராட்டில் ஆப்பரேஷன்ஸ் எண்டு ஒண்டு தேவையில்லைத்தானே."

வீட்டுக்குப் போ என்பதை இத்தனை மரியாதையாகச் சொல்ல அவரால்தான் முடியும். பிரவீனாவின் ஆறு மாதத் தற்காலிக வேலைத் தவணையும் அதே வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அவளுடைய அப்பா கனகராஜ் பாசிர் கூடாங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மகள் ஆப்பரேஷன்ஸ் ஆபீசர் என்று பிளாக்கில் எட்டு மாடிக்கும் சொல்லி வைத்திருந்தார். அவளும் மறுக்கவில்லை. எப்படியும் ஒரு நாள் உண்மையாகிவிடும் என்று இருந்துவிட்டாள்.

இந்தக் காலத்தில் யார் ஃபேக்ஸ் அனுப்புகிறார்கள் என்று கேட்கலாம். ஓசாக்காக்காரன் அனுப்புகிறான். முத்திரை குத்திய தாள் ஃபேக்ஸில் வந்தால்தான் அவனுக்கு அது கடிதம். ஈமெயிலில் எழுதுவதெல்லாம் வெறும் பேச்சு.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்று ஐந்துக்குக் கிருபானந்தன் அறையிலிருந்து வெளியே வந்தார். முகத்தில் ரத்தமில்லை.

"பிள்ள, ஓசாக்காவில இருந்து ஈமெயில் வந்திருக்கு. பத்து நாப்பதுக்கு ஒருக்கா அனுப்பிப் பாத்தினமாம், பதினொரு மணிக்கு ஒருக்கா. ரெண்டு தரமும் போகேல்லையாம். எங்கட நேரம் பன்னெண்டு மணிக்குக் கடைசியா ஒருக்கா அனுப்புவினம். பிறகு நீண்ட லீவுக்குக் கந்தோரைப் பூட்டிப் போட்டுப் போயிடுவினம்."

"போய்ட்டா?"

"ரெண்டாவதா ஒரு கொம்பனி பாசிர் கூடாங்கில இருக்கு. கடிதம் அவைக்குப் போகும்."

பிரவீனா திரும்பி மெஷினின் சின்னத் திரையைப் பார்த்தாள். இடது பக்கம் சூடு வாங்கிக்கொண்டே இவ்வளவு நேரம் பார்க்காமல் இருந்துவிட்டாள். திரையில் இரண்டே சொல்: மெமரி ஃபுல்.

"வெள்ளிக்கிழமைன்னா லைன் கெட்டுரும், ரோசாக்தானே தங்கச்சி," என்றார் லாரி ஓட்டும் மூர்த்தி. டெலிவரி பேப்பர் வாங்க வந்து, கையில் பொட்டலத் தேநீரோடு நின்றார். சொன்னதில் தப்பில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் யார் ஃபேக்ஸ் அனுப்பினாலும் போவதில்லை என்று ஆபீஸே நம்பியிருந்தது. லைன் பார்க்க ஆள் மூன்று தடவை வந்துவிட்டுப் பழுது ஒன்றுமில்லை என்று சொல்லிப் போயிருந்தான். மூன்று தடவையும் புதன்கிழமை.

"லைன் இல்லண்ணே. மெமரி."

வருகிற ஃபேக்ஸ் முதலில் மெஷினின் மெமரியில் இறங்கும். பிறகுதான் தாளில் வரும். மெமரியில் இடமில்லையென்றால் மெஷின் கதவையே திறக்காது. பிரவீனா வந்து கிடந்ததையெல்லாம் அச்சடித்துத் தள்ளினாள். லங்காவி சுற்றுலா, தண்ணீர் வடிகட்டி, மறுபடி லங்காவி. மூன்று தாள். அழித்தாள். திரையைப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு சதவீதம் நிரம்பியிருக்கிறது என்றது.

அப்படியானால் நிரப்பியது வருகிற ஃபேக்ஸ் இல்லை. போகிற ஃபேக்ஸ்.

கையேட்டின் நூற்றெட்டாம் பக்கம் ஞாபகம் வந்தது. நேரம் குறித்து அனுப்புகிற ஃபேக்ஸ் எல்லாம் அந்த நேரம் வரைக்கும் மெமரியில் காத்திருக்கும். பட்டியலை அச்சடித்தாள். பதினான்கு வரி வந்தது. பதினான்குக்கும் ஒரே நேரம்: 13:01.

"புஷ்பாக்கா, இது என்ன?"

புஷ்பவள்ளி தன் மேசையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷம் இந்த ஆபீஸில் இருப்பவர். ராகுகாலத்தில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்; பென்சில் சீவுவார், ஃபைல் அடுக்குவார், முறுக்குத் தின்பார்.

"என்னது?"

"பதினாலு ஃபேக்ஸ் ஒரு மணி ஒரு நிமிஷத்துக்குன்னு வரிசையா உக்காந்திருக்கு."

"ஆமா, நான்தான் பத்து இருபதுக்குள்ள போட்டு வச்சேன். உன்ன மாதிரி கடைசி நிமிஷத்துல ஓடுற ஆளா நான்?"

"அப்பவே அனுப்பியிருக்கலாம்ல?"

"பத்தரைக்கு ராகுகாலம்மா. பத்தரைக்குள்ள எல்லாம் போய்ச் சேராது. பாதி போய்ட்டிருக்கும்போது ராகு நுழைஞ்சா? தலை இங்க, வால் அங்க."

"ராகுகாலம் பன்னெண்டுக்கு முடிஞ்சிருமே. ஏன் ஒரு மணி?"

"கேலண்டர்படி பத்தரை டு பன்னெண்டு. நம்ம ஊர்ல சூரியன் ஏழு மணிக்குத்தானே வருது, ஒரு மணி நேரம் தள்ளித்தான் பாக்கணும்னு கோயில்ல ஐயரு சொல்றாரு. பதினொன்றரை டு ஒண்ணு. ரெண்டுல எது சரின்னு நமக்குத் தெரியுமா? பத்தரைல இருந்து ஒண்ணு வரைக்கும் மொத்தமா விட்டுட்டா ஒரு வம்பும் இல்ல." பென்சில் முனையை ஊதினார். "அதுக்கு மேல ஒரு நிமிஷம், ராகு கிளம்பிப் போறதுக்கு."

பிரவீனா பட்டியலில் அடுத்த கட்டத்தைப் பார்த்தாள். எல்லாமே ஃபோட்டோ மோட்.

"எழுத்து மட்டும் இருக்கிற தாள எதுக்குக்கா ஃபோட்டோ மோட்ல போட்டீங்க?"

"பிள்ளையார் சுழி தெரியணும்ல?"

"என்ன?"

"ஒவ்வொரு தாள்லயும் பென்சில்ல லேசா போடுவேன். சாதா மோட்ல போட்டா அந்தப் பக்கம் வெள்ளையாப் போய்ச் சேருது. போன மாசம் சென்னைக்கு போன் போட்டுக் கேட்டேனே, சுழியக் காணோம்னாங்க."

"பேனாவுல போட வேண்டியதுதானே!"

"கஸ்டம்ஸ் பேப்பர்ல பேனாவுல கிறுக்குனா கஸ்டம்ஸ்காரன் விடுவானா? படிச்சவதானே நீ?"

மூர்த்தி தேநீரைப் புரையேற்றிக்கொண்டார்.

நூற்றெண்பது பக்கம் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பது சாதாரண எழுத்துக்கு. ஃபோட்டோ மோட் என்றால் தாளில் இருக்கும் ஒவ்வொரு தூசியையும் மெஷின் மனப்பாடம் செய்யும். ஒரு தாள் நாலு தாளின் இடத்தை அடைத்துக்கொண்டு படுக்கும். தீபாவளிக்கு முந்தின வாரம் வேறு, பேப்பர் அதிகம். ஒரு பென்சில் சுழிக்காகத் தன் மேசை, தன் வேலை, அப்பா எட்டு மாடிக்குச் சொன்ன பொய் எல்லாம் வெளியே நிற்கின்றன. மணி பதினொன்று முப்பது.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு தங்கச்சி. எல்லாம் போயிரும்," என்று மூர்த்தி பிளக்கை நோக்கிக் குனிந்தார்.

"போகாதுண்ணே. உள்ள பேட்டரி இருக்கு. கரண்டு போனாலும் ஒரு மணி நேரம் மறக்காது. நூத்திப் பன்னெண்டாம் பக்கம்." புஷ்பவள்ளியிடம் திரும்பினாள். "அக்கா, உங்க நம்பரப் போட்டாத்தான் அது திறக்கும். போடுங்க, ஒண்ணே ஒண்ண அழிச்சிக்கிறேன். இடம் கிடைச்சிரும்."

"அழிக்கிறதா? வெள்ளிக்கிழமையிலயா?" புஷ்பவள்ளி எழுந்து வந்து மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டார். "உன் வாயில நல்ல வார்த்தையே வராதாடி?"

"அப்ப இப்பவே அனுப்புங்க."

"ராகுகாலத்துலயா?"

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கிருபானந்தன் எட்டிப் பார்த்தார். பிரவீனா உதவி கேட்டுப் பார்த்தாள். புஷ்பவள்ளியும் பார்த்தார். அவர் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். அப்பா காலத்து ஆளிடம் அவர் எதுவும் பேசுவதில்லை. போன வருஷம் கறுப்புக் கார் வாங்கினார், கறுப்பு ஆபீஸுக்கு ஆகாது என்று புஷ்பவள்ளி சொன்னார், விற்றுவிட்டார்.

"அக்கா," என்றாள் பிரவீனா. "பன்னெண்டு மணிக்கு அந்த லெட்டர் உள்ள வரலன்னா எனக்கு இங்க வேலை இல்ல. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா," என்றார் புஷ்பவள்ளி. உண்மையாகவே கண் கலங்கியது. "அதுக்குத்தான் சொல்றேன். ராகுகாலத்துல வர்ற வேலை நிலைக்காது. ஓசாக்காக்காரன ஒரு மணிக்கு மேல அனுப்பச் சொல்லு லா."

இதற்கு மேல் வாய் திறந்தால் என்ன வரும் என்று பிரவீனாவுக்கே தெரியும். உட்கார்ந்தாள். கையேடு கைக்கெட்டவில்லை, கையிலிருந்த பட்டியலையே மறுபடி படித்தாள். வரி ஒன்று, 0091. வரி இரண்டு, 0091. வரி மூன்று, 0091. பதினான்கில் பதினொன்று சென்னை.

சென்னைக்காரர்களோடு ஆறு மாதமாகப் போனில் பேசுகிறாள். நம் மணியில் இரண்டரை கழித்தால் அவர்கள் மணி. அனிச்சையாகக் கழித்தாள். ஒரு தடவை கழித்துவிட்டு நம்பாமல் இன்னொரு தடவை கழித்தாள்.

அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. பல்லைக் கடித்து அடக்கினாள்.

"புஷ்பாக்கா. சென்னைல வெள்ளிக்கிழமை ராகுகாலம் எப்போ?"

"இது என்ன கேள்வி? பத்தரை டு பன்னெண்டு. கேலண்டர் கணக்கே அங்கேருந்து வந்ததுதானே."

"நீங்க ஒரு மணி ஒரு நிமிஷத்துக்கு ஃபேக்ஸ் விடுறப்ப அங்க மணி என்ன?"

புஷ்பவள்ளி விரல் கணுக்களில் எண்ணினார். இடது கையில் எண்ணி முடித்து, வலது கையில் சரிபார்த்தார். சீவிய பென்சில் உருண்டு கீழே விழுந்தது.

"பத்து... முப்பத்தொண்ணு."

"அலமாக்!" என்றார் மூர்த்தி. "ராகு வாசல்ல நின்னு கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கான் லா!"

புஷ்பவள்ளி பிரவீனாவின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். சூடு முகத்தில் அடித்தது, நகரவில்லை.

"ஏழு வருசம்," என்றார். "இந்த மெஷின் வந்ததுலேருந்து. வெள்ளிக்கிழமை தவறாம. பட்டுச்சேலை கண்டெய்னர் பத்தொன்பது நாள் துறைமுகத்துல கெடந்துச்சே... மசாலா சாமான் திரும்பி வந்துச்சே... நாந்தானா? நான் பாஸோட கார்னுல்ல நெனச்சேன்!"

பிரவீனா ஒரு கணம் தடுமாறினாள். பொய் சொல்லிக் காரியம் சாதிக்க அவளுக்குத் தெரியாது. அதற்கான பொறுமை இல்லாததுதான் முக்கியக் காரணம்.

"அக்கா, எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. பட்டு சிக்குனது பேப்பர்ல எடை தப்பா இருந்ததால. ஃபைல்ல பாத்தேன். ஆனா உங்க கணக்குலயே பாத்தாலும் ஒரு மணி ஒரு நிமிஷம் தப்புதான்."

இதில் முதல் பாதி புஷ்பவள்ளியின் காதில் ஏறவேயில்லை.

"இப்ப அங்க மணி என்ன?"

"ஒம்போது பத்து."

புஷ்பவள்ளியின் உடம்பு நிமிர்ந்தது. "ஒம்போதே கால்ல இருந்து பத்தே கால் நல்ல நேரம்! அங்க நல்ல நேரம்டி!" எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். "ஆனா இங்கேருந்து கிளம்பணுமே. இங்க ராகு நடக்குதே."

மணி பதினொன்று நாற்பத்தொன்று. பிரவீனா கண்ணை மூடினாள். இப்படி ஒரு முடிச்சை வீட்டில் யாரோ அவிழ்த்துப் பார்த்திருக்கிறாள். யார்? அம்மா. அங்கம்மா.

"அக்கா, நான் யூனிவர்சிட்டிக்குக் கிளம்புனது செவ்வாக்கிழமை. வடக்க போகணும்."

"ஐயையோ, வடக்க சூலமாச்சே."

"எங்கம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? திங்கக்கிழமையே நல்ல நேரம் பாத்து என் பெட்டியத் தூக்கி எதிர்வீட்டுல வச்சிட்டாங்க. மாத்துத் துணி முழுக்க அதுல. அன்னிக்கு ராத்திரி நான் அப்பாவோட ஃபேக்டரி டீ-சட்டையில தூங்குனேன்."

"பரஸ்தானம்," என்றார் புஷ்பவள்ளி பக்தியோடு. "அதான் முறை. பெட்டி கிளம்பியாச்சுன்னா பயணம் கிளம்பியாச்சு. ஆளு எப்ப வேணா போலாம்."

"நீங்க இதெல்லாம் எத்தன மணிக்கு ஸ்கேன் பண்ணீங்க?"

"பத்து இருபதுக்குள்ள."

"ராகுகாலத்துக்கு முன்னால. அப்ப பெட்டி கிளம்பிருச்சு. மெமரிதான் எதிர்வீடு."

புஷ்பவள்ளி மெஷினின் வயிற்றைப் பார்த்தார், பிரவீனாவைப் பார்த்தார், சுவரில் கேலண்டரைப் பார்த்தார்.

"உங்கம்மா வெவரமான ஆளு," என்றார். "அந்தப் பக்கம் திரும்பு."

பிரவீனா திரும்பிக்கொண்டாள். மூர்த்தியையும் திரும்பச் சொன்னார். உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நாலு எண்ணை அழுத்தினார். பிறகு விரலை எடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"அழுத்துங்கக்கா!"

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. ஒம்போதே கால் ஆகட்டும்."

அந்த இரண்டு நிமிஷத்தில் பிரவீனா மனசுக்குள் சொன்னதையெல்லாம் எழுத முடியாது. சரியாகப் பதினொன்று நாற்பத்தைந்துக்குப் புஷ்பவள்ளி பிள்ளையாரைக் கும்பிட்டு, வரிசையில் ஆகச் சின்னதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார். மூன்று தாள். பச்சை விளக்கு மினுக்கியது. சென்னை எடுத்தது.

ஃபோட்டோ மோடில் ஒரு தாள் போக நாலு நிமிஷம். கிருபானந்தன் கையில் போனோடு வெளியே வந்துவிட்டார். நால்வரும் மெஷினைச் சுற்றி, பிரசவ அறை வாசலில் நிற்பவர்களைப் போல நின்றார்கள்.

"ஒண்டு போயிட்டுது," என்றார் முதலாளி.

"ரெண்டு," என்றார் மூர்த்தி, இன்னும் நாலு நிமிஷம் கழித்து.

பதினொன்று ஐம்பத்தேழுக்கு மூன்றாவது தாளும் போய்ச் சேர்ந்தது. திரையில் சதவீதம் தொண்ணூற்றொன்றுக்கு இறங்கியது. ஓசாக்கா கடிதம் ஆறு தாள், சாதா எழுத்து. தாராளமாகப் போதும். பிரவீனா மூச்சு விட்டாள். அதே கணத்தில் புஷ்பவள்ளியின் விரல் மறுபடி பொத்தானை நோக்கி நீண்டது. பிரவீனா அந்தப் பொத்தான்மேல் கையை வைத்து மூடினாள்.

"என்ன பண்றீங்க?"

"இன்னும் பத்து இருக்கு சென்னைக்கு! பத்தே காலுக்குள்ள நல்ல நேரத்துல அனுப்பணும். கைய எடு."

"இருக்கிறது ஒரே லைன்க்கா! நாம வெளிய போய்ட்டிருந்தா அவன் உள்ள வர முடியாது. மூணு நிமிஷம் சும்மா இருங்க."

"ஏழு வருச பாவம்டி..."

"தொட்டீங்க, ஃபைல்ல இருக்கிற சுழி எல்லாத்தையும் ரப்பர் போட்டு அழிச்சிருவேன்."

புஷ்பவள்ளி கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

பன்னிரண்டு அடித்தது. மெஷின் சும்மா இருந்தது. பன்னிரண்டு ஒன்று. கிருபானந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புதன்கிழமையும் இப்படித்தான் துடைத்துவிட்டு அந்தப் பதிலைச் சொன்னார். அவர் போனில் மணி பன்னிரண்டு இரண்டு ஆனது. ஜப்பான்காரன் தாமதிக்க மாட்டானே. ஒருவேளை பதினொன்றே முக்காலுக்குச் சும்மா ஒரு தடவை அடித்துப் பார்த்திருந்தால்? லைன் சென்னையோடு பேசிக்கொண்டிருந்ததே. அதையே கடைசி என்று முடித்துவிட்டிருந்தால்?

மெஷின் ஒரு தடவை முனகியது. திரையில் எழுத்து ஓடியது: பெறுகிறது.

முதல் தாள் வெளியே வந்தது. இரண்டாவது. நாலாவது தாளில் மெஷின் நின்று யோசித்தது. பிரவீனா அதன் மூடியில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். கையேட்டில் இல்லாத வைத்தியம். ஐந்து, ஆறு. ஆறாவது தாளின் அடியில் வட்ட முத்திரை. அங்கே சிவப்பாகக் குத்தியது இங்கே கறுப்பாக வந்திருந்தது. பிரவீனாவுக்கு அது தங்க நிறமாகத் தெரிந்தது.

கிருபானந்தன் ஆறு தாளையும் வாசித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போய், ஃபைலில் வைக்க வேண்டியது என்று ஞாபகம் வந்து எடுத்தார்.

"திங்கக்கிழமை ஜன்னல் மேசைக்குப் போம், பிள்ள."

"தாங்க்ஸ் பாஸ்."

"நான் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேணும்..."

"ஒரு மணிக்கு மேல," என்றார் புஷ்பவள்ளி.

"ஓம், ஓம்." அவர் கதவுவரை போய்த் திரும்பினார். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "அப்ப புஷ்பவள்ளி, என்ர கார்?"

புஷ்பவள்ளி குனிந்து, விழுந்த பென்சிலை வெகுநேரம் தேடினார்.

மீதிச் சென்னை ஃபேக்ஸ்களை நல்ல நேரம் முடிவதற்குள் அனுப்ப முடியாது என்று பிரவீனாவே கணக்குப் போட்டுச் சொன்னாள். சாதா மோடில் திரும்பப் போட்டால் தாளுக்கு அரை நிமிஷம். ஏற்கெனவே கிளம்பிய பெட்டிதான், புதுப் பயணம் இல்லை என்று புஷ்பவள்ளியும் ஒப்புக்கொண்டார். ஆனால் சுழி? கடைசியில் தன் பையிலிருந்து பரீட்சைக்கு வாங்கிய பழைய 2பி பென்சில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். தார் மாதிரிக் கறுப்பாக எழுதும்; ரப்பர் போட்டால் கஸ்டம்ஸுக்கு முன்னால் அழிந்துவிடும். புஷ்பவள்ளி ஒரு தாளில் சுழித்துச் சாதா மோடில் நகல் எடுத்துப் பார்த்தார். சுழி கொழுகொழுவென்று விழுந்தது. பழையதை அழிக்க வேண்டியதில்லை, புதியது போய்ச் சேர்ந்த பிறகு அது தானாக வேலையற்றுப் போகிறது என்று அவரே ஒரு நியாயம் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக ரத்துசெய்தார். பன்னிரண்டு நாற்பதுக்கு, சென்னைக்குப் போகாத மூன்றைத் தவிர மெமரி காலி.

அன்று சாயங்காலம் வேலை நிரந்தரமாகிவிட்டது, ஆப்பரேஷன்ஸ் கிடைத்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னாள். கனகராஜ் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதான் ஆறு மாசமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே," என்றார். அம்மாவுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. பெற்றதிலிருந்து முதன்முறையாக மகள் வந்து தாவாயைப் பிடித்துக் கொஞ்சிவிட்டுப் போகிறாள்.

திங்கட்கிழமை பிரவீனா அரை மணி நேரம் முன்னதாகவே வந்தாள். ஜன்னல் வழியாகக் காலை வெயில் விழுந்திருந்தது. கீழே லாரிகள் நிற்பது தெரிந்தது. மேசை துடைத்துப் பளிச்சென்று இருந்தது. மேசையை ஒட்டி, ஒரு கை தூரத்தில், ஆல்-இன்-ஒன் பிரிண்டர் நின்றது. நெற்றியில் புதுக் குங்குமம்.

"சனிக்கிழமையே நல்ல நேரம் பாத்து மூர்த்திய விட்டு நகத்தியாச்சு," என்றார் பின்னாலிருந்து புஷ்பவள்ளி. "அது உன் சொல்லத்தான்மா கேக்குது. நீ இங்க, அது அங்கன்னா நல்லாவா இருக்கும்?"

பிரவீனா வாயைத் திறந்தாள். அதற்குள் சுவரில் ஒட்டியிருந்த அட்டை கண்ணில் பட்டது. 2பி பென்சிலால் கோடு போட்ட கட்டம். மேலே ஏழு கிழமை. பக்கவாட்டில் மூன்று ஊர்: தெப்ராவ், சென்னை, ஓசாக்கா. முதல் இரண்டுக்கும் ராகுகாலம் முத்து முத்தாக எழுதியிருந்தது. மூன்றாவது வரிசை முழுக்க வெள்ளை.

"ஓசாக்காவுல சூரியன் எத்தன மணிக்கும்மா உதிக்குது?" என்று கேட்டார் புஷ்பவள்ளி, பென்சிலை நீட்டி. "படிச்ச பிள்ளதானே, பாரேன்."

பிரவீனா பையை மேசைமேல் வைத்தாள். மெஷினின் இரண்டு பக்கத்தையும் பிடித்து, சக்கரத்தோடு சேர்த்து இழுத்து அரைவட்டமாகத் திருப்பினாள். சூடு வரும் பக்கம் இப்போது நேராகப் புஷ்பவள்ளியின் நாற்காலியைப் பார்த்தது. பிறகு உட்கார்ந்து, போனை எடுத்து, ஓசாக்காவில் சூரியன் எப்போது உதிக்கிறது என்று தேடத் தொடங்கினாள்.